தெரு மீது ஒரு மனு

24.8.2024, சனி

எனக்கு இழைக்கப்பட்ட தீங்கை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சங்கரன்கோவில் வடக்கு மேட்டுத் தெருவில் என் வீட்டைச் சேர்த்து நாற்பத்தோரு வீடுகள். என் மனைவி உலகம்மாள் இறந்து பத்து மாதம் ஆகிறது. இந்தப் பத்து மாதத்தில் மற்ற நாற்பது வீட்டாரில் ஒருவர்கூட என் வாசற்படி ஏறவில்லை. அவளுடைய உடன்பிறந்த தம்பி ஆவுடையப்பன் இரண்டு தெரு தள்ளி உரக்கடை வைத்திருக்கிறான். அவனும் வரவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறான். காரணம் எதுவும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தப்புச் செய்தவர்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

என் பெயர் கோமதிநாயகம். வயது எழுபத்தொன்று. படிப்பு ஆறாம் வகுப்பு. பஸ் கம்பெனியில் முப்பத்தாறு வருடம் மெக்கானிக். ஆங்கிலத்தை அகராதி வைத்துக்கொண்டு நானே படித்தேன். சட்டமும் அப்படித்தான். இந்தத் தெருவின் விளக்கு, சாக்கடை மூடி, நூலகத்துக்கு முன்னால் உள்ள வேகத்தடை எல்லாம் என் மனுவால் வந்தவை. தெருவில் எனக்கு ‘மனு அண்ணாச்சி’ என்று பெயர். கேலிக்காக வைத்தது. நான் அதை மறுக்கவில்லை.

இன்றிலிருந்து தேதி போட்டு எழுதப்போகிறேன். ஆதாரம் இல்லாத புகார் வெறும் புலம்பல். பேனாவின் மேல் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன். விரல்கள் காலையில் மடங்காது. மதியத்துக்கு மேல் இளகும். அப்போது எழுதலாம்.

இன்று பேசியது: எதிர்வீட்டில் இட்லி மாவு விற்கும் செண்பகத்திடம் “அரைக் கிலோ.” அவள் “சரி அண்ணாச்சி.” அவ்வளவுதான்.

25.8.2024, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் அரசி போன் செய்தாள். வாரம் ஒரு முறை, ஞாயிறு பத்து மணிக்கு.

“அம்மாவுக்குத் தலைத்திவசம் நவம்பர் பதிமூணுப்பா. மாமாவ நேர்ல போய்க் கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டுத்தான் வரணுமா? அவன் அக்கா.”

“பெறந்த வீட்டுக்கு நேர்ல போய்ச் சொல்றதுதானப்பா முறை. அவங்க இல்லாம எப்படித் திவசம் குடுக்க? அம்மாவுக்கு யாருமே இல்லாத மாதிரி ஆயிரும்.”

“அவன் வரட்டும். சொல்லுதேன்.”

முதல் வருடத் திவசத்துக்குப் பிறந்த வீட்டார் வந்து உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால்தான் அது நிறையும். அது எனக்குத் தெரியாதது அல்ல. அவனுக்கும் தெரியும்.

26.8.2024, திங்கள்

குளிக்கவில்லை. தண்ணீர் வந்தது. பக்கெட்டைத் தூக்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

28.8.2024, புதன்

திருநெல்வேலியிலிருந்து புதன்கிழமைகளில் இங்கே வரும் மூட்டுநோய் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் மெர்லின், நாசரேத்துக்காரப் பெண். என் இரண்டு கையையும் மேசைமேல் வைக்கச் சொல்லி முட்டி முட்டியாகத் தொட்டுப் பார்த்தாள். நான் முகத்தில் எதையும் காட்டவில்லை.

“ஐயா, போன வருஷம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்களே, வாரம் ஒரு நாள் போடுறது. அத எப்ப நிறுத்துனீங்க?”

“போன வருஷம் ஆடியில.”

“ஏன்?”

“அது புற்றுநோய்க்குக் கொடுக்குற மருந்துன்னு படிச்சேன்.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. இங்கிலீஷ்ல நானே படிச்சேன்.”

“பாதி படிச்சிருக்கீங்க. அவங்களுக்குக் கொடுக்குற அளவு வேற, உங்களுக்குக் கொடுக்குறது வேற. அதே உப்புதான், ஒரு கிள்ளுக்கும் ஒரு மூட்டைக்கும் வித்தியாசம் உண்டுல்ல?”

ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. நாற்பத்தெட்டு. ஆறுக்குள் இருக்க வேண்டுமாம். உடம்புக்குள் எவ்வளவு அழற்சி இருக்கிறது என்று காட்டும் எண் அது.

பிறகு, “வீட்டுல யார்கூடப் பேசுவீங்க?” என்றாள்.

“அது மூட்டுக்குச் சம்பந்தமா?”

“சம்பந்தம் இருக்கய்யா. காய்ச்சல் வந்தா என்ன செய்யத் தோணும்? போத்திக்கிட்டு ஒரு மூலையில படுக்கணும், யாரும் பேசக் கூடாது, சோறு வேண்டாம். அது சோம்பேறித்தனம் இல்ல. உடம்புல வீக்கம் இருந்தா அந்தச் சேதி ரத்தம் வழியா மூளைக்குப் போகும். மூளை படுன்னு சொல்லும். காய்ச்சல் நாலு நாள்ல போயிரும், ஆளும் எந்திரிச்சிருவாரு. உங்களுக்கு வீக்கம் போகவே இல்ல. மனசும் படுத்தே கிடக்கு. இன்னொரு பக்கம், ரொம்ப நாள் ஆளுங்களே இல்லாமத் தனியா இருந்தா அந்த வீக்கம் கூடவும் செய்யும்னு ஆராய்ச்சி சொல்லுது. எல்லாருக்கும் அப்படித்தான்னு நான் சொல்ல மாட்டேன். எது முதல்ல வந்ததுன்னும் பிரிக்க முடியாது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டே போகும்.”

ஒன்பது கேள்வி அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் உண்டா, இப்படி. கடைசிக் கேள்வி, செத்துப்போனால் நல்லது என்று தோன்றியதுண்டா என்பது. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் போட்டுக் கொடுத்தேன்.

“ஒரு கேள்வியக்கூடப் படிக்காமப் போட்டிருக்கீங்க” என்றாள். “மாத்திரை எழுதுறேன். அடுத்த தடவை வீட்டு ஆள் ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. வாரத்துக்கு ஒரு நாள்தான் போடணும். மாறித் தினமும் போட்டுட்டா உயிருக்கு ஆபத்து. பார்த்துக்க ஒரு ஆள் வேணும்.”

குறித்துக்கொள்ள வேண்டியது: தனிமை உடம்பின் அழற்சியைக் கூட்டும். டாக்டரே சொன்னது. மற்றவை அவசியமில்லை.

30.8.2024, வெள்ளி

மாத்திரை வாங்கவில்லை. யோசித்துத்தான் முடிவு செய்தேன். வீக்கம் வடிந்துவிட்டால் எண் இறங்கிவிடும். எண் இறங்கினால் இந்தத் தெரு எனக்குச் செய்ததற்கு என்ன ஆதாரம் மிஞ்சும்? அடிபட்டவன் ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கும் முன்னால் காயத்தைக் கழுவிவிடுவானா?

5.9.2024, வியாழன்

மழை இல்லை. காலையில் சட்டைப் பொத்தான் போட ஒரு மணி நேரம். பிறகு எங்கும் போகவில்லை, கழற்றிவிட்டேன்.

6.9.2024, வெள்ளி

ஒன்றுமில்லை.

15.9.2024, ஞாயிறு

அரசி போனில், “அன்னைக்கு மாமா கைய நீங்க…” என்று தொடங்கினாள். அதைப் பேசாதே என்று வைத்துவிட்டேன்.

மாலையில் செண்பகம் மாவு கொடுக்கும்போது, “என்ன அண்ணாச்சி, தாடியும் மீசையுமா இருக்கீய? சாமியாராப் போகப் போறீயளோ?” என்றாள். ஒரு நாளில் இத்தனை வார்த்தை அவள் பேசியதில்லை. பதில் சொல்ல நாக்கில் ஏதோ வந்தது. அதற்குள் நான் கதவைச் சாத்தியிருந்தேன்.

18.9.2024, புதன்

மனு எழுதத் தொடங்கினேன். மனுவில் காரணம் கேட்பார்கள். அதனால் அந்த நாளில் நடந்ததைச் சுருக்கமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு நடந்த வீட்டுக்கு, வருகிற ஆண்கள் வாயால் ஆறுதல் சொல்வதில்லை. வீட்டு ஆண்கள் வரிசையாக நின்று கையை நீட்ட வேண்டும். வருகிறவன் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து விடுவான். துக்கம் கேட்டாயிற்று என்று அதற்குப் பொருள். நான் காலை ஒன்பதிலிருந்து நின்றேன். இருநூறு பேர் இருக்கும். எல்லோரும் பிடித்தார்கள். நெருங்கியவர்கள் அழுத்திப் பிடித்தார்கள். கை நீட்டிக்கொண்டே நிற்பதற்கு மனிதன் என்ன கைகாட்டி மரமா? பதினொரு மணிக்குமேல் ஒரு துண்டால் கையை மூடிக்கொண்டேன். அதன்பிறகு வந்தவர்கள் சும்மா நின்றுவிட்டுப் போனார்கள். இதுதான் நடந்தது. இதற்காகவா பத்து மாதம்?

சாயங்காலம் அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்த சோற்றை நான் வாங்கவில்லை. பசி இல்லை. அதுவும் குற்றமானால் குற்றம்தான்.

19.9.2024, வியாழன்

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். துண்டால் மூடுவதற்கு முன்னால் கடைசியாகப் பிடித்தவன் ஆவுடையப்பன். அவன் அழுதுகொண்டே பிடித்தான். நான் இழுத்துக்கொண்டேன்.

துட்டி வீட்டில் பிறந்த வீட்டுக்காரன் கையை உதறினால் உறவை முறித்ததாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளட்டும். ஏன் இழுத்தாய் என்று ஒருவன் கேட்டிருக்கலாம் அல்லவா? இருநூறு பேரில் ஒருவனுக்கு வாய் இல்லையா? மனைவி உள்ளே கிடக்கும்போது என் கை வலிக்கிறது என்று நானாகச் சொல்ல வேண்டுமோ?

23.9.2024, திங்கள்

தென்காசி கலெக்டர் ஆபீஸ், குறைதீர்க்கும் நாள். வாசலில் போலீஸ்காரப் பெண் ஒருத்தி எல்லோருடைய பையையும் சோதித்தாள். என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள்.

“என்னம்மா பாக்க?”

“மண்ணெண்ணெய்யான்னு பாக்கேன் தாத்தா. போன மாசம் ஒருத்தர் கொண்டாந்துட்டாரு.”

“நான் அப்படிப்பட்ட ஆளாத் தெரியுதா?”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அவரும் உங்கள மாதிரித்தான் இருந்தாரு. போங்க தாத்தா, நிழல்ல உக்காருங்க” என்றாள்.

அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வழக்குக்குத் தேவையில்லாதது.

மனுவைப் பதிவு செய்யும் குமாஸ்தா முகத்தைத் தூக்காமல், “பட்டாவா, உதவித்தொகையா, பாதைத் தகராறா?” என்றார்.

“மூணும் இல்ல.”

“யார் மேல மனு?”

“தெரு மேல.”

அப்போதுதான் நிமிர்ந்தார். இரண்டு பக்கத்தையும் படித்தார். சி.ஆர்.பி. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்கள அடிச்சாங்களா?”

“இல்ல.”

“தண்ணி எடுக்க விடலையா? கோயிலுக்குள்ள விடலையா? ஒதுக்கி வச்சிருக்கோம்னு யாராவது சொன்னாங்களா?”

“ஒண்ணுமே சொல்லல. அதான் புகார்.”

“பெரியவரே, கம்ப்யூட்டர்ல இதுக்குத் தலைப்பே இல்லையே. சரி, ‘இதர’ன்னு போடுதேன். நிவாரணம் என்ன வேணும்னு இங்க எழுதணும், அத வெறுமையா விட்டிருக்கீங்க.”

பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். “சட்டப்படி எது உண்டோ அது” என்று எழுதச் சொன்னேன். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நிவாரணம் என்ன வேண்டும்? முப்பது வருடமாக மனு எழுதுகிறேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டது இதுதான் முதல் தடவை.

2.10.2024, புதன்

இரண்டு நாளாக நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறேன். கட்டிலுக்குப் போகப் பத்து அடி.

9.10.2024, புதன்

சி.ஆர்.பி. அறுபத்து மூன்று. நாற்பத்தெட்டிலிருந்து அறுபத்து மூன்று. ஆறு வாரத்தில் பதினைந்து கூடியிருக்கிறது. மனுவோடு இணைக்க நகல் கேட்டேன்.

டாக்டர் மெர்லின் தாளைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டாள். “ஐயா, இந்த நம்பரப் பாத்து உங்க முகம் மலருது. போன தடவை வந்தப்ப நீங்க ஒருக்காகூடச் சிரிக்கல. மாத்திரை வாங்கலதானே?”

கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன்.

“கூட யாரையும் கூட்டிட்டும் வரல.”

“ஆள் இல்ல.”

“இல்லையா, கூப்பிடலையா?”

படித்த பிள்ளைகள் இப்படித்தான் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். எழுந்து வந்துவிட்டேன். நகல் கிடைக்கவில்லை.

17.10.2024, வியாழன்

விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தார். கற்பகவல்லி என்று ஒரு அம்மாள், குடை, தோல் பை. வேப்பமரத்தடியில் செண்பகம் வீட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வீடு வீடாகக் கூப்பிட்டு எழுதினார். மனுதாரர் கூட இருக்கக் கூடாது என்று என்னை உள்ளே போகச் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தால் காதில் விழத்தான் செய்யும்.

முதலில் தெருவே சிரித்தது. “பேசலன்னு கேஸாம்ல.” “பேசுனா அதுக்கும் ஒரு மனு போட்டா என்ன செய்ய?” இப்படிச் சொன்னது ஓய்வு பெற்ற வாத்தியார் பரமார்த்தலிங்கம். அவர் வீட்டு வாசல் சாக்கடைக்கு மூடி வந்தது என் மனுவால்.

செண்பகம் சிரிக்கவில்லை. “எம்மா, நான் உள்ளதச் சொல்லுதேன். துட்டியன்னிக்கு நான் ரசம் வச்சுக் கொண்டு போனேன். வாங்கல. பதினாறு கழிஞ்சு போனேன். கதவு தெறக்கல. பெறவு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? தெனம் மாவு வாங்குதாவ. நான் நாலு வார்த்தை பேசலாம்னு வாயத் தெறக்கதுக்குள்ள கதவு சாத்தியாச்சு. அவிய பேசலன்னு நாங்க யார்கிட்டப் போய் மனு குடுக்க?”

வி.ஏ.ஓ. அதையும் எழுதிக்கொண்டார். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

24.10.2024, வியாழன்

வி.ஏ.ஓ. அம்மாள் அறிக்கையோடு வீட்டுக்குள்ளேயே வந்தார். உலகம்மாள் போனபிறகு இந்த நடுவீட்டில் என்னைத் தவிர ஒருவர் உட்கார்ந்தது இன்றுதான். உட்காருவதற்கு நாற்காலியில் கிடந்த துணிகளை அவரே எடுத்து ஒதுக்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

“பதினெட்டுப் பேர் வாக்குமூலம் இருக்கு பெரியவரே. எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான். நீங்க ஒதுங்கிட்டீங்கன்னு அவங்க ஒதுங்கிட்டாங்க. இது ஒண்ணுதான் வேற மாதிரி. படிக்கட்டுமா?”

ஆவுடையப்பனுடையது. அவர் படித்தார். பிரதி கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்படியே எழுதுகிறேன்:

“மனுதாரர் என் அக்காள் கணவர். அவர் கையை இழுத்துக்கொண்டது உண்மை. அவர் செய்தது நியாயம். அன்று காலை ஆறரை மணிக்கு அவர் போன் செய்து, அக்காவுக்கு நெஞ்சு வலிக்கிறது, காரைக் கொண்டுவா என்றார். உர மூட்டை லாரி வந்து நின்றது. இறக்கிவிட்டு வருகிறேன் என்றேன். வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. வழியிலேயே இறந்துவிட்டாள். நான் உடனே போயிருந்தால் பிழைத்திருப்பாள். அத்தான் அதை வாயால் சொல்லவில்லை, கையால் சொன்னார். அதன்பிறகு அவர் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை. மனுதாரர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர் என்ன தண்டனை கேட்டாலும் எனக்குச் சம்மதம்.”

வி.ஏ.ஓ. மற்றத் தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு, “விசாரணையில் திருப்தின்னு இங்க கையெழுத்துப் போடணும்” என்று அவருடைய மெல்லிய பேனாவைக் கொடுத்தார். மணி ஒன்பதுகூட ஆகவில்லை. பேனா விரலுக்குள் நிற்கவில்லை, இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது முறை அவரே எடுத்துக் கொடுத்தவர் என் கையைப் பார்த்தார்.

“இது எப்போ இருந்து?”

“கொஞ்ச நாளா.”

“துட்டியன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சா?”

விசாரணை முடிந்த பிறகு கேட்கும் கேள்விக்கு மனுதாரர் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாம்புப் பேடில் கட்டைவிரலைப் பதித்துக் கொடுத்தேன். ஆறாம் வகுப்பில் கையெழுத்துப் போடப் பழகியதிலிருந்து இந்த விரலை மையில் வைத்ததில்லை.

25.10.2024, வெள்ளி

சாப்பிடவில்லை.

26.10.2024, சனி

சாப்பிடவில்லை. செண்பகம் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. போய்விட்டாள்.

31.10.2024, வியாழன்

தீபாவளி. வருடம் திரும்பாத வீடு, அதனால் எண்ணெய் கிடையாது, இனிப்பு கிடையாது. தெரு முழுக்க வெடி. ஒன்பது கேள்வித் தாளில் கடைசிக் கேள்வி நினைவுக்கு வந்தது. அதற்கு நான் போட்ட பதில் சரியான பதில் அல்ல. இன்று அதைத் திருத்த வேண்டுமென்றால் யாரிடம் திருத்துவது?

4.11.2024, திங்கள்

ஆவுடையப்பன் மனைவி வடிவு வந்தாள். படி ஏறவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“அண்ணே, அந்த அதிகாரிகிட்ட இவுக என்ன எழுதிக் குடுத்தாவன்னு எனக்குத் தெரியாது. அன்னைலருந்து படுத்த பாய விட்டு எந்திரிக்கல. கடைக்குப் போகல. தீவாளிக்குக்கூட எந்திரிக்கல. யாராவது வந்தா, நான் இல்லன்னு சொல்லுங்காவ. ஒரு வருஷமாவே அரை ஆளாத்தான் இருந்தாவ, இப்ப அதுவும் இல்ல. நீங்க அவுகள வையணும்னா வந்து ரெண்டு வார்த்தை வஞ்சிட்டுப் போங்க. இப்படிப் பேசாமக் கொல்லாதீங்க.”

“உள்ள வா தங்கச்சி” என்றேன்.

“வர மாட்டேன். நீங்க வாங்க.”

சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை நான் கதவைச் சாத்தவில்லை.

5.11.2024, செவ்வாய்

இதுவரை எழுதாதது.

அன்று காலை ஆறே காலுக்கு உலகம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை உண்டு. அலமாரியில் அட்டை இருந்தது. எடுத்தேன். அட்டையை அழுத்தி மாத்திரையை வெளியே தள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. என் கட்டைவிரல் மடங்கவில்லை. பல்லால் கடித்தேன். வாயில் கவ்வி இழுத்தேன். பேருந்து இஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கை இது. ஒரு மாத்திரையைப் பிதுக்க முடியவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, “விடுங்க, தம்பியக் கூப்பிடுங்க” என்றாள். முழங்கையால் போனை அமுக்கி அவனைக் கூப்பிட்டேன். எதிர்வீட்டுச் செண்பகத்தைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு சத்தம் போட்டால் ஓடி வந்திருப்பாள், அவளுக்கு விரல் நன்றாக இருக்கிறது. நூற்றெட்டுக்கு அடித்திருக்கலாம். என் கையால் ஆகவில்லை என்று தெருவில் தெரிய வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவன் வந்தபோது மாத்திரை அட்டை நசுங்கி என் மடியில் கிடந்தது. அதைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் என் மருந்தை நானே நிறுத்தியிருந்தேன். பாதி படித்துவிட்டு.

அவன் என் கையைப் பிடித்து அழுத்தியபோது உயிர் போகிற வலி. அதனால் இழுத்துக்கொண்டேன் என்று சொன்னால் உண்மை. அது மட்டும்தானா என்று கேட்டால், அந்தக் கையை அவன் பிடித்து அழுவது எனக்குத் தாங்கவில்லை.

தெரு செய்தது தவறுதான். அதை நான் மாற்றிச் சொல்லப்போவதில்லை. மனுவையும் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் நிவாரணம் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதை இப்போது நிரப்புகிறேன்.

வருவாய்த் துறை: மனு எண்ணை மூடிவிடலாம். ஆனால் பத்து மாதம் ஒரு மனிதனோடு யாரும் பேசவில்லை என்றால் அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு தலைப்பு இருக்க வேண்டும். அதைப் பற்றித் தனியாக ஒரு மனு வரும்.

செண்பகம்: கதவு சாத்தியிருந்தாலும் தட்ட வேண்டும். ஒரு தடவை தட்டிவிட்டுப் போகக் கூடாது. நான் தாழ்ப்பாள் போடாமல் இருக்க வேண்டும்.

பரமார்த்தலிங்கம் வாத்தியார்: திவசத்தன்று வந்து சாப்பிட வேண்டும். வந்தபின் என்ன கேலி வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். சொல்ல வேண்டியது நான்.

அரசி: பன்னிரண்டாம் தேதியே புறப்பட்டு வர வேண்டும். அவள் அம்மா எப்படி இறந்தாள் என்பதை அவளிடமும் சொல்ல வேண்டும். போனில் அல்ல.

டாக்டர் மெர்லின்: ஒன்பது கேள்வித் தாளை மறுபடி கொடுக்க வேண்டும். நாளை புதன். இந்தத் தடவை படித்துவிட்டுப் போடுகிறேன். கூட ஒரு ஆள் வருவான், வந்தால்.

ஆவுடையப்பன்: பாயை விட்டு எழுந்திருக்க வேண்டும். அவன் முக்கால் மணி நேரம் தாமதம் செய்தது உண்மை. அதற்கு முன்னால் கால் மணி நேரம் மருந்து என் கையில்தான் இருந்தது. இரண்டையும் கேட்டுவிட்டு, தண்டனை யாருக்கு என்று அவன் சொல்ல வேண்டும். என்னை டாக்டரிடம் கூட்டிப் போக அவனுக்கு மனம் வந்தால் கூட்டிப் போக வேண்டும். அக்காவின் திவசத்துக்கு வர வேண்டும்.

நான்: நாளை காலை ஏழு மணிக்குள் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். மதியத்துக்கு மேல் போனால் விரல் இளகிவிடும், அவன் நம்ப மாட்டான். மடங்காத கையோடு போக வேண்டும். பொத்தான் போடாவிட்டாலும் பரவாயில்லை, துண்டால் மூடாமல் தெரு வழியாக நடந்து போக வேண்டும். கையை நீட்ட வேண்டும். அவன் பிடித்தால் இழுக்கக் கூடாது. வலித்தால், வலிக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும்.